மூன்றாம் நம்பர் தறியின் வேகம்

செய்தி அவனை எட்டியபோது பிற்பகல் மணி மூன்று இருபது. புதன்கிழமை. மைதீன் பிச்சை செட்டியார்பட்டியில் ஒரு விசைத்தறிக் கூடத்தில், நான்காம் நம்பர் தறிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். வலது கையில் ஸ்பானர். இடது உள்ளங்கை பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மூன்றாம் நம்பர் தறியின் இரும்புக் காலில். அவன் வேலை செய்வது எப்போதும் அப்படித்தான். ஒரு தறியைக் கழற்றும்போது, ஓடுகிற இன்னொன்றின் மேல் ஒரு கை இருக்க வேண்டும்.

மதுரையில் ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்றுகொண்டு நான்தான் அழைத்தேன். அவனுடைய போன் ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் இருந்தது. எடுத்தவர் மூன்றாம் நம்பர் தறியை ஓட்டும் பெண்மணி, தங்கபாய். "யாரு? சத்தமாச் சொல்லுங்க, ஒரு எழவும் கேக்கல" என்று கத்தினார். பிறகு தன் தறியை நிறுத்தினார். உள்ளங்கைக்குக் கீழே இரும்பு அடங்கியதும்தான் பிச்சை வெளியே ஊர்ந்து வந்திருக்கிறான்.

"சொல்லுங்கக்கா" என்றான். கண்ணா போய்விட்டான் என்று சொன்னேன்.

"எத்தன மணிக்குக்கா?"

"ரெண்டு அம்பதுக்கு."

"அப்ப நான் நாலாம் நம்பருக்கு பெல்ட்டு மாட்டிக்கிட்டு இருந்தேன்" என்றான், அதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல. பிறகு "வாரேன்" என்றான். மாலையில் மதுரைக்கு வந்து சேர்ந்தபோது கை முழுக்க கிரீஸ் அப்படியே இருந்தது. என் அப்பாவின் கையைப் பிடிக்க வந்தவன், தன் கையைப் பார்த்துவிட்டு, பின்னால் கட்டிக்கொண்டான்.

கண்ணா என் தம்பி. டெங்குக் காய்ச்சல், ஐந்து நாள். அவனும் பிச்சையும் இம்மானுவேலும் சேர்ந்து ஒரு மெட்டல்கோர் இசைக்குழு வைத்திருந்தார்கள். பெயர் 'அறுந்த பாவு'; பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். அவர்களுடைய முதல் இசைத்தட்டு இந்தப் பங்குனியில் வெளிவந்தது. அதற்கு எந்தக் கம்பெனியும் கிடையாது; மூன்று பேருடைய சம்பளத்தில் அவர்களே போட்டது. கண்ணாவைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. பிச்சையைப் பற்றி எழுதலாம்.

பிச்சைக்கு வயது இருபத்தொன்பது. தாத்தாவின் பெயர் அவனுக்கு. பள்ளிக்கூடத்தில் புதிதாக வரும் வாத்தியார்கள் அந்தப் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, தாடி வைத்த பெரியவர் யாரோ எழுந்து நிற்கப்போகிறார் என்பதுபோல நிமிர்ந்து பார்ப்பார்களாம். ஒல்லி. முழங்கையிலிருந்து விரல்வரை மட்டும் வேறு யாருடைய உடம்பிலிருந்தோ வாங்கி மாட்டியதுபோல் தடித்திருக்கும். ராஜபாளையத்தில் வீடு, செட்டியார்பட்டிச் சுற்றுவட்டாரத் தறிக்கூடங்களில் மெக்கானிக் வேலை. பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள். நாட்டில் யாருக்குக் காயம் பட்டாலும் அதில் ஒரு முழமாவது அவன் பழுது பார்த்த தறியில் நெய்ததாக இருக்கும் என்பது அவனுடைய கணக்கு.

ஓடுகிற எதைக் கண்டாலும் அதன் மேல் கையை வைப்பான். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது, அம்மா சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். வணக்கம் சொல்வதற்கு முன்னால் போய் மிக்ஸியின் மேல் கையை வைத்தான். "ஆச்சரியமா இருக்கும்மா, புஷ்ஷு தேஞ்சுபோயிம் இது ஓடுதே" என்றான். அம்மா சௌந்தரவல்லி அன்றிலிருந்து அவனிடம் மட்டும்தான் வீட்டில் கெட்டுப்போன பொருட்களைப் பற்றிப் பேசுவார். பேருந்தில் எஞ்சின் மூடிக்குப் பக்கத்து இருக்கை கிடைத்தால் அவனுக்குத் திருவிழா. பால்கோவாக் கடையில் நின்றால், உள்ளே வாணலியைத் துழாவுகிறவரின் துடுப்பைப் பார்த்து உதட்டுக்குள் எண்ணிவிட்டு, "நாப்பத்தெட்டு. கை அசந்துட்டாரு. காலைல வந்திருந்தா அறுவது இருக்கும்" என்பான்.

அவன் அம்மா ஜெய்னபுக்கு இதில் ஒரு குறை உண்டு. "எம் மவன் தறியையும் அடிக்கான், டிரம்மையும் அடிக்கான். ஒரு பொண்ணு வீட்டுக் கதவ மட்டும் தட்ட மாட்டேங்கான்" என்று என்னிடமே இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

அந்த டிரம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழையது, மதுரையில் ஒரு சர்ச்சில் வேண்டாம் என்று ஒதுக்கியதை இம்மானுவேல் பேசி வாங்கி வந்தான். பிச்சை அதைப் பாதி தறியாக மாற்றிவிட்டான். காலால் மிதிக்கிற பெடலின் வார், தறியில் குறுக்குநூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாவை விரட்டுகிற தோல் வாரில் அறுத்தது. தாளத் தட்டுகளுக்கு அடியில் பெல்ட்டிலிருந்து வெட்டிய வில்லைகள். குச்சிகளின் பிடியில் பேண்டேஜ் துணி சுற்றியிருக்கும். அடிபட்ட குச்சிகள் மாதிரி இருக்கின்றன என்று நான் சொன்னபோது, "நான் அடிக்கிற அடிக்கு அதுக்குத்தானக்கா வலிக்கும்" என்றான்.

மெட்டல்கோர் என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தவனும் அவன்தான். கண்ணாவுக்கு அதை விளக்கப் பொறுமை இருந்ததில்லை. "முதல்ல எல்லாரும் சேந்து வேகமா ஓடுவோம். கண்ணா அடிவயித்துல இருந்து கத்துவான். ஓடி ஓடி ஒரு எடத்துல திடீர்னு எல்லாம் கனத்துப்போயி, ஒவ்வொரு அடியும் தனித்தனியா விழும். லோடு லாரி பள்ளத்துல எறங்குத மாதிரி. அந்த எடத்துக்காகத்தான் கேக்கவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க." நான் கேட்ட விளக்கங்களில் இதைவிடத் தெளிவானது எதுவும் இல்லை.

இந்தச் சத்தத்தைப் போட ஊரில் இடம் கிடைப்பது எளிதில்லை. பிச்சையின் மாமா கழிவுப் பஞ்சு வியாபாரம் செய்கிறார். செட்டியார்பட்டியில் அவருடைய கிடங்கு, மேலே சொன்ன தறிக்கூடத்தோடு ஒட்டியது. நடுவில் ஒரே ஒரு சுவர். மூன்று பக்கமும் கூரைவரை பஞ்சுப் பொதிகள். எவ்வளவு அடித்தாலும் பஞ்சு குடித்துவிடும். சத்தம் தெருவுக்குப் போகாது. பக்கத்தில் தறிகள் ஓடுவதால் போனாலும் ஒருவருக்கும் கேட்காது. சனிக்கிழமையும், வேலை முடிந்த சில மாலைகளிலும் அவர்கள் அங்கே கூடுவார்கள். ராஜபாளையத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் இம்மானுவேல் கிதாரோடும் மடிக்கணினியோடும் வருவான். கண்ணா ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே உள்ள டைப்பிங் கடையில் அன்றைக்கு அடித்த மனுக்களின் மையோடு வருவான்.

பிச்சை எல்லாருக்கும் முன்னால் வந்து, தாளத் தட்டுகளின் மேல் படிந்த பஞ்சுத் தூசியை ஊதுவான். ஒவ்வொன்றாக, பிறந்தநாள் மெழுகுவத்தி அணைப்பதுபோல. பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் நிற்பான். தொழுகிறான் என்று முதலில் நினைத்தேன். "மனசு நிக்கணும்லக்கா" என்றான். அது போதுமான காரணமாகத்தான் எனக்கும் பட்டது.

சுவரில் எக்ஸாஸ்ட் பேன் இருந்த ஒரு ஓட்டை. பேனைக் கழற்றிப் பல வருடம். அந்த ஓட்டை வழியாகத் தறிக்கூடம் கேட்கும், தங்கபாயும் கேட்பார். கண்ணா முதன்முதலாக அங்கே கத்திய அன்று ஓட்டைக்கு அந்தப் பக்கம் அவருடைய முகம் தெரிந்ததாம். "ஏலே பிச்ச, அந்த ஐயர் வீட்டுப் பய மாதிரி இருக்கவன் ஏன்லே இப்பிடிக் கத்துதான்? வயித்து வலியா?"

"பாட்டுக்கா இது."

"பாட்டா? அப்ப எந் தறி பாடுறது என்னதாம்?"

கண்ணா இதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரித்தான்.

நேரத்தை அளந்து கொடுக்க, வாசிப்பவர்கள் காதில் 'டிக் டிக்' என்று ஒரு கருவியை ஓடவிட்டுக்கொள்வது வழக்கம். பிச்சைக்கு அது ஆகாது. "காதுக்குள்ள கோழிக்குஞ்சு கொத்துது" என்று கழற்றி எறிந்துவிடுவான். அது இல்லாமலே அவன் நேரம் தவறமாட்டான் என்பதில் அவனுக்குப் பெருமை. மற்ற இருவருக்கும் அதைவிடப் பெருமை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவனுக்குக் கை ஓடாது. ஒரு பாட்டு ஓடும், அடுத்தது நொண்டும். "வாரத்துல ஒரு நாள் கைக்கும் லீவு வேணும்லா" என்று அவனே ஒரு சமாதானம் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை தறிகளுக்கும் விடுமுறை. இந்த இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மழைக்காலத்தில் ஆறு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். ஐந்து பாட்டுகளுக்கு டிரம்மைப் பகலில் வாசித்து முடித்துவிட்டான். 'இரண்டாம் ஷிப்ட்' என்ற ஆறாவது பாட்டு மட்டும் ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிவாக்கில். அந்தப் பாட்டின் பெயரைத்தான் இசைத்தட்டுக்கும் வைத்தார்கள். அதற்கு அடுத்த வாரம், பதிவான டிரம்மைக் காதில் கேட்டுக்கொண்டே கண்ணா பாடினான். ஓட்டை வழியாகத் தறிச் சத்தம் மைக்கில் விழுந்துவிட்டது. அவனுக்குத் திருப்தியில்லை. ஓட்டையை அடைத்துவிட்டு இன்னொரு முறை பாடுகிறேன் என்றான். சாக்கில் பஞ்சைத் திணித்து, வாயைக் கோணி ஊசியால் தைத்து, ஓட்டையில் அடுக்கிக்கொண்டு வந்தான். நான்கு சாக்கு வேண்டும். மூன்றை வைத்த அன்று உடம்பு வலிக்கிறது என்று வீட்டுக்கு வந்தவன், கத்தினதால் வந்த வலி என்றான். மூன்றாம் நாள்தான் ரத்தப் பரிசோதனை செய்தோம்.

இரண்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து ஹரிகிருஷ்ணன் பேசினான். பாட்டுகளை ஒன்றுசேர்த்துச் செப்பனிடுகிற வேலை அவனுடையது. பிச்சையிடம் பேசியதை அவனே என்னிடம் ஒப்பித்தான்.

"தல, மத்த அஞ்சு பாட்டும் ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி இருக்கு. ஆறாவதுல என்ன ஆச்சு? நூத்தம்பதுல ஆரம்பிக்குது. நடுவுல இறங்கி இறங்கி, முடியும்போது நூத்து நாப்பத்தாறு."

"நானா?"

"டிரம்ஸ்தானே முதல்ல எடுத்தது. எல்லாரும் உங்க பின்னாடிதான் வந்திருக்காங்க."

நிமிடத்துக்கு நான்கு அடி குறைவு. எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. பிச்சைக்கு அது வேறு. எந்தத் தறி எத்தனை அடி குறைவாக ஓடுகிறது என்று கையை வைத்துச் சொல்கிறவன். அவனுடைய பெயர் போட்டு வெளிவருகிற முதல் பொருளில், கடைசிப் பாட்டில், அவனே தேய்ந்த பெல்ட் மாதிரி வழுக்கியிருக்கிறான். கேட்கிறவர்கள் எழுதுவார்கள். இந்த வகை இசை கேட்கிறவர்கள் அடியை எண்ணுகிறவர்கள்.

"திரும்ப வாசிச்சிருதேன்" என்றான். கிதாரை இம்மானுவேல் திரும்ப வாசிக்கலாம். கண்ணா?

அதற்கும் ஹரிகிருஷ்ணன் வழி சொன்னான். குரலைக் கணினியில் கொஞ்சம் சுருக்கி, புதிய டிரம்மில் உட்காரவைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. குரலை மட்டும் அப்படிச் செய்து ஒரு மாதிரியும் அனுப்பினான்.

அதைக் கேட்க பிச்சை எங்கள் வீட்டுக்கு வந்தான். தனியாகக் கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை என்று நினைக்கிறேன். அப்பா சடகோபனும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணா இருந்தவரை அவர் இந்தப் பாட்டுகளைக் கேட்டதில்லை. ஆனால் பயிற்சிக்குப் போகிற ஒவ்வொரு நாளும் பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி அவன் பையில் வைத்தவர் அவர். பாட்டு முடிந்ததும், "இதுல என்ன சொல்றான் அவன்?" என்று கேட்டார்.

பிச்சை வரிகளைச் சொன்னான். இரண்டாம் ஷிப்ட் முடிந்து தலையில் பஞ்சோடு வீட்டுக்கு வருகிற அம்மாவை, தூக்கத்தில் எழுந்த குழந்தை நரைத்துவிட்டாள் என்று நினைத்து அழுகிற பாட்டு அது. அப்பா முழுதும் கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கான். கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

பிச்சை கடைசிப் பகுதியை மறுபடி ஓடவிட்டான். எல்லாம் கனத்து இறங்குகிற இடத்துக்கு முன்னால் கண்ணா மூச்சு இழுக்கிறது கேட்கும். பழைய பதிவை ஒரு தடவை, புதியதை ஒரு தடவை, மறுபடி பழையதை.

"கண்ணா இம்புட்டு அவசரமா மூச்சு வாங்கமாட்டான்க்கா" என்றான். "ஆனா தப்பு எம்மேல இருக்கு. நான் ஒழுங்கா அடிச்சிருந்தா இந்தப் பேச்சே இல்ல." நிறுத்திவிட்டுச் சொன்னான்: "அவன் மூச்ச வெட்டித்தான் என் மானத்தக் காப்பாத்தணும்போல."

அம்மா அவனுக்கு மட்டும் காபி கொண்டுவந்து வைத்தார். ஆறும்வரை அதை யாரும் தொடவில்லை.

எங்கே தவறியது என்று தெரியாமல் அவனால் இருக்க முடியாது. பழுது பார்க்கிறவர்களின் குணம் அது. ஒரு மாலை கிடங்கில் உட்கார்ந்து ஆறாம் பாட்டை வாசித்துப் பார்த்திருக்கிறான். பாதியில், சுவருக்கு அந்தப் பக்கச் சத்தத்தோடு தன் கையும் இறங்குவது தெரிந்து நிறுத்தி, சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் மூன்றாம் நம்பர் தறியின் மேல் கையை வைத்தான். நூற்று நாற்பத்தெட்டு. கொஞ்ச நேரத்தில் நாற்பத்தேழு. தங்கபாய், "என்னலே, பேய் கண்ட மாதிரி நிக்கே?" என்றார்.

"எறங்குதுக்கா!"

"ஆறு மணிக்கு ஊரெல்லாம் லைட்டப் போட்டா வோல்டேஜ் எறங்கும், தறியும் எறங்கும். இத ஒனக்கு நான் சொல்லணுமா? மெக்கானிக்குன்னு சொல்லிக்கிட்டு அலையுத."

அன்று எனக்குப் போன் செய்தான். அவன் குரலில் நான் அதுவரை கேட்காத ஒரு கூச்சம். "இம்புட்டு வருசமா நான் அடிக்கலக்கா. மூணாம் நம்பர்தான் அடிச்சிருக்கு. ஓட்ட வழியாக் காதுல கொஞ்சம், தரை வழியா முதுகுல கொஞ்சம். அது நிமிசத்துக்கு நூத்தம்பது நாடா அடிக்கும். நான் கூடவே ஓடியிருக்கேன். நான் பெரிய இவன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

பத்து நாள் அவன் கிடங்குப் பக்கம் தறிச் சத்தம் இருக்கும்போது போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும், விடியற்காலையும் போனான். அந்தக் கோழிக்குஞ்சைக் காதில் மாட்டிக்கொண்டு, முட்டிமுட்டிப் பழகினான். பத்தாவது நாள் ஆறாம் பாட்டை நூற்று ஐம்பதில் தொடங்கி நூற்று ஐம்பதிலேயே முடித்தான். ஓர் அடி பிசகவில்லை. அதைப் பதிவும் செய்துவிட்டான். கண்ணாவின் முழுப் பதிவை, முன்னும் பின்னும் வெட்டாமல், புதிய டிரம்மோடு ஒருமுறை ஓட்டி, எங்கெங்கே விலகுகிறது என்று பார்த்துவிட்டு ஹரிகிருஷ்ணனுக்குச் சரி சொல்லிவிடலாம் என்றான். என்னையும் கிடங்குக்கு வரச் சொன்னான்.

இம்மானுவேல் மடிக்கணினியைத் திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "வெட்டினதே இருக்குல்லா. அதப் போட்டுப் பாப்போம்."

"முழுசு எங்கலே?"

"இருக்கு. முன்னாடி ஒரே கொறகொறன்னு..."

"போடுலே."

"பேச்சு இருக்குலே அதுல."

"யாரு பேச்சு?"

இம்மானுவேல் ஓடவிட்டான். முதலில் தறிச் சத்தம், இருமல், தண்ணீர் குடிக்கிற சத்தம். பிறகு என் தம்பியின் சாதாரணக் குரல், கத்தாத குரல். இரண்டு மாதத்துக்கும் மேலாக வீட்டில் இல்லாத குரல்.

"இம்மானு, ஆறு மணிக்குப் பொறவு பய எறங்குதான், கவனிச்சியா?"

இம்மானுவேலின் குரல்: "தறி எறங்குது, இவனும் சேந்து எறங்குதான். திரும்ப அடிக்கச் சொல்லவா?"

"சொல்லித் தொலச்சிராதலே. தெரிஞ்சா நாளைக்கே ஸ்டெபிலைசர் வாங்கியாந்து மாட்டிருவான்." கண்ணா சிரிக்கிறான், சிரிப்பு இருமலாகிறது. "எனக்கு அந்த எறக்கம் புடிச்சிருக்கு. கடைசில மூச்சு வாங்க எடம் விடுதான்லா. சரி, போடு."

பிறகு பாட்டு. இம்மானுவேல் அதை நிறுத்தினான்.

பிச்சை குச்சியில் சுற்றியிருந்த பேண்டேஜைப் பிரித்துக்கொண்டே இருந்தான். கீழே சுருள் சுருளாக விழுந்தது. "அப்ப நீயும் தெரிஞ்சுக்கிட்டேதான் இருந்திருக்கே" என்றான்.

"அவன் சொல்லாதன்னுட்டான்."

"நான் பத்து நாளாக் கோழிக்குஞ்சோட மல்லுக்கட்டும்போதும் வாயத் தொறக்கல!"

"அவன் சொல்லாதன்னுட்டான்லே" என்று இம்மானுவேல் மறுபடியும் சொன்னான். இந்த முறை அழுதான்.

பிச்சை அவனை அதட்டவில்லை, தேற்றவும் இல்லை. போனை எடுத்து ஹரிகிருஷ்ணனை அழைத்தான். "தம்பி, ஆறாவது பாட்டு பழசே இருக்கட்டும். டிரம்மு, கொரலு ரெண்டையும் தொடாதீங்க. ஆமா, நூத்து நாப்பத்தாறுதான். தெரியும். தறிச் சத்தமும் கெடக்கட்டும்." எதிரே ஏதோ எச்சரிக்கை வந்திருக்க வேண்டும். "சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. பாடுனவன் பாத்துத்தான் பாடியிருக்கான்."

அந்தப் பிசகாத புதிய வாசிப்பை என்ன செய்தாய் என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். "போன்ல வச்சிருக்கேன்க்கா. பொண்ணு பாக்கப் போறப்ப போட்டுக் காட்டலாம்" என்றான். ஜெய்னப் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, அவர் நம்பிவிடுவார்.

இசைத்தட்டின் உறையில் யார் யார் என்ன செய்தார்கள் என்ற பட்டியல் உண்டு. குரல், வரிகள்: கண்ணா. கிதார், பதிவு: இம்மானுவேல். டிரம்ஸ்: மைதீன் பிச்சை. அதற்குக் கீழே பிச்சை சேர்க்கச் சொன்ன வரி: 'வேகம்: மூன்றாம் நம்பர் தறி. ஓட்டியவர்: தங்கபாய்.'

"எம் பேரப் போட்டதுக்காக அந்தக் கத்தல நான் கேட்டே தீரணுமாலே?" என்றாராம் தங்கபாய். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் இயர்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, தூக்குவாளியைத் திறக்காமல் ஆறாம் பாட்டை முடிவுவரை கேட்டார். "கடைசில செத்த நேரம் நல்லாருக்கு" என்றார். "எந் தறி கேக்குது. அந்தப் பய மூச்சு வாங்குறதும் கேக்குது."

வெளிவந்த வாரத்திலேயே யாரோ ஒருவர் இணையத்தில் எழுதினார்: எல்லாம் சரி, கடைசிப் பாட்டில் டிரம்மர் தூங்கிவிட்டார் போலிருக்கிறது. பிச்சை அதை என்னிடம் போனில் வாசித்துக் காட்டினான். அவன் பயந்த அதே வார்த்தைகள். கொஞ்சம் வலித்ததும் தெரிந்தது. "லைக் போட்டுட்டேன்க்கா" என்றான்.

போன சனிக்கிழமை ஒரு வேலையாகச் செட்டியார்பட்டிக்குப் போனவள், கிடங்குக்கும் போனேன். பாட வேறு யாரையும் அவர்கள் இன்னும் பார்க்கவில்லை. இரண்டு பேர் மட்டும் வாசிக்கிறார்கள். மணி ஆறாகப் போகிறது. பிச்சை தாளத் தட்டுகளை ஒவ்வொன்றாக ஊதினான். சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றான். இப்போது அது எதற்கு என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டான், ஆனால் கையை எடுக்கவில்லை. ஓட்டையில் மூன்று சாக்குகள். மேலே மீதமிருந்த இடைவெளி வழியாக மூன்றாம் நம்பர் கேட்டது. அது இறங்கத் தொடங்கியதும் போய் உட்கார்ந்தான்.

நான்காவது சாக்கு ஓட்டைக்குக் கீழே, கண்ணா வைத்த இடத்திலேயே இருக்கிறது. பஞ்சு திணித்தாகிவிட்டது. வாய் பாதிவரை தைத்திருக்கிறது. கோணி ஊசி நூலோடு அதிலேயே குத்தியிருக்கிறது.